நான்கு வருஷத்துக்கு முந்தின நிழல்

மாசி பத்தாம் தேதி காலையில் வேலுத்தாய் தன் வீட்டு முன்னால் நின்ற மருதாணிச் செடியை இடுப்பு உயரத்துக்கு விட்டுவிட்டு மிச்சத்தை வெட்டிப் போட்டாள். கிளையெல்லாம் விழுந்தது, நிழல் மட்டும் விழவில்லை, ஆளுயரத்துக்கு மேலே ஒரு செடி இன்னும் அங்கே நிற்கிற மாதிரி அது தெருவுக்குக் குறுக்கே இலை இலையாக அசைந்துகொண்டு கிடந்தது.

அன்றைக்கு நாங்கள் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கவாத்து வாரம் அது, எல்லோர் கையிலும் அரிவாள், எல்லோர் வாசலிலும் குப்பை.

தீப்பெட்டி ஆபீசுக்குப் பின்னால் எதிரும் புதிருமாகப் பதினாறு வீடு எங்கள் லைன். கரிசல் மண்ணில் வைத்த செடி காய்ந்து சாகும், இல்லையென்றால் அடங்காமல் வளரும், இரண்டுக்கும் நடுவில் ஒன்றும் கிடையாது. அதனால் மாசி பிறந்து பனி ஓய்ந்ததும், பங்குனி வெயில் ஏறுவதற்குள், அரளி, செம்பருத்தி, நந்தியாவட்டை, பிச்சி என்று வீட்டுக்கு வீடு வெட்டிவிடுவோம். அதற்கு ஒரு முறை இருக்கிறது. முந்தின நாள் சாயங்காலம், யார் வெட்டப் போகிறார்களோ அவர்கள் வேரில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி, "நாளைக்கு உன்னை வெட்டப் போறேன், பொறுத்துக்கோ" என்று செடியிடம் சொல்ல வேண்டும். சொன்னவர்தான் வெட்ட வேண்டும். சொல்லிவிட்டு வெட்டாமல் இருக்கக் கூடாது. மறுநாள் கிளையைச் சாய்த்து வெட்டி, வெட்டுவாயில் சாணியை அப்பிவிட்டால், பதினாறு வீட்டு வாசலிலும் முடியிறக்கின பிள்ளைகள் வரிசையாக நிற்கிற மாதிரி இருக்கும்.

வேலுத்தாய் வீட்டு மருதாணிக்கு மட்டும் அதற்கு முன் நான்கு வருஷமாகக் கவாத்து கிடையாது. மகன் பேச்சிமுத்து காணாமல் போனதிலிருந்து அந்தச் செடியில் ஒரு இலையைக்கூட அவள் யாரையும் கிள்ள விட்டதில்லை. கல்யாண வீட்டுக்காரர்கள் கேட்டு வந்து வெறுங்கையோடு திரும்பியிருக்கிறார்கள்.

பேச்சிமுத்து போன கதை எங்கள் லைனில் எல்லோருக்கும் மனப்பாடம். அப்போது அவனுக்குப் பத்தொன்பது வயது. தகப்பன் லாரியில் அடிபட்டுச் செத்ததற்கு அப்புறம் தாயும் மகனும் மட்டும்தான். படிப்பும் ஏறவில்லை, போன வேலை எதிலும் பத்து நாள் சேர்ந்தாற்போல் நிற்கவும் இல்லை. அந்த வருஷம் மாசி முழுக்க வேலுத்தாய் செடியை வெட்டச் சொன்னாள், அவன் நாளைக்கு என்றான், பங்குனி பிறந்தும் நாளைக்கு என்றான், பங்குனி முடிய ஒரு நாள் பாக்கி இருக்கும்போது அவளுக்குப் பொறுமை போய், அவன் ஊற்ற வேண்டிய தண்ணீரை அவளே ஊற்றி, அவன் சொல்ல வேண்டியதை அவளே சொன்னாள்: "நாளைக்கு என் மகன் உன்னை வெட்டுவான்." எங்கள் லைனில் அதுவரைக்கும் ஒருத்தர் பேரில் இன்னொருத்தர் செடிக்கு வாக்குக் கொடுத்தது கிடையாது. மறுநாள், பங்குனி கடைசித் தேதி, அவள் வேலைக்குக் கிளம்புகிற நேரத்திலும் அவன் செடியில் சாய்ந்து பல் தேய்த்துக்கொண்டு நின்றான். அவள் செடியைக் காட்டி, லைனே கேட்க ஒரு வார்த்தை சொன்னாள்.

"செடியாவது நிழல் குடுக்கு. நீ எதுக்குடா இருக்க?"

பன்னிரண்டு மணிக்கு ஆபீஸ் சங்கு ஊதும்போது பக்கத்து வீட்டுக் குருவம்மா குழாயடிக்குப் போகிற வழியில், அவன் அரிவாளோடு செடியண்டை நின்றதைப் பார்த்தாள். ஒரு மணிக்கு வேலுத்தாய் வந்தபோது செடியில் ஒரே ஒரு கிளை வெட்டியிருந்தது, அரிவாள் கிளைக் கவட்டையில் மாட்டியிருந்தது, அவன் இல்லை. அதற்கப்புறம் போலீசில் எழுதிக் கொடுத்தோம், போட்டோ ஒட்டினோம், சூரத்தில் பார்த்தேன் என்றான் ஒருத்தன், எரணாகுளத்தில் பார்த்தேன் என்றான் ஒருத்தன், போய்ப் பார்த்தால் அது வேறு யாருடைய மகனாகவோ இருந்தான். நான்கு வருஷமாக வேலுத்தாய்க்குக் கேள்வி ஒன்றுதான். தானாகப் போனானா, யாராவது வந்து கூட்டிப்போனார்களா? தானாகப் போனான் என்றால் அந்த வார்த்தைதான் அவனைத் துரத்தியது. யாரோ கூட்டிப்போனார்கள் என்றால் அது எந்தத் தாயும் எந்தக் காலையிலும் சொல்கிற வார்த்தை, சொல்லிவிட்டு மத்தியானம் சோறு போட்டால் தீர்ந்துபோகிற வார்த்தை.

செடி வளர்ந்து கரண்டு கம்பியைத் தொட்டது. லைன்மேன் வந்து, நீங்கள் வெட்டுகிறீர்களா நான் வேரோடு எடுக்கட்டுமா என்று கேட்டார். அன்றைக்குச் சாயங்காலம் வேலுத்தாய் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினாள், இந்த முறை தன் பேரைச் சொன்னாள், மறுநாள் வெட்டினாள்.

நிழல் விழாமல் நின்றதற்கு லைனில் ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். செடி இன்னும் பேச்சிமுத்துக்காகத்தான் காத்திருக்கிறது என்றது ஒரு கட்சி. செடியிடம் சொன்னாள், நிழலிடம் யார் சொன்னது என்றது இன்னொரு கட்சி. மூன்றாம் நாள் இரண்டு கட்சிக்கும் காரணம் அலுத்துவிட்டது. நிழல் நல்ல குளிர்ச்சியாக இருந்தது. வெட்டின செடிகள் தழைக்கிற வரைக்கும் எங்கள் லைனில் உட்கார நிழல் கிடையாது என்பதால் பெண்கள் காலையில் கீரையையும் புடைக்கிற சுளகையும் எடுத்துக்கொண்டு அங்கேயே வந்து உட்கார்ந்தார்கள், தபால்காரர் சைக்கிளை நிறுத்தி வேர்வை ஆற்றிக்கொண்டார், சாயங்காலம் நிழல் வேலுத்தாய் வீட்டுச் சுவரில் ஏறும்போது வெட்டின செடியில் இல்லாத பூங்கொத்துக்கூட சுவரில் தெரிந்தது. இப்படி ஒரு நிழல் எங்களுக்கு முன்னாலிருந்தே பழக்கம் என்கிற மாதிரி பழகிவிட்டோம்.

அது எந்த வருஷத்து நிழல் என்பதைக் கண்டுபிடித்தது குருவம்மாதான். ஒரு நாள் காலையில் ஒரு கிடாவின் நிழல் வந்து, பின்னங்காலில் எழும்பி நின்று, மருதாணியைக் கடித்தது. தெருவில் கிடா இல்லை.

"இது எங்க கொம்பு ஒடிஞ்ச கிடால்லா," என்றாள் குருவம்மா, கையில் கீரையை வைத்துக்கொண்டே. "நாலு வருஷத்துக்கு முன்ன பங்குனிப் பொங்கலுக்கு வெட்டி எல்லாரும் தின்னமே."

"தின்ன கிடாவுக்கு இன்னும் பசி அடங்கலையாக்கும்," என்றார் அவள் புருஷன் அய்யாத்துரை. கொத்தனார், எதையும் நூல் பிடித்துப் பார்க்கிறவர். அவர் எழுந்து கிடாவின் கொம்பை விரலால் அளந்து பார்த்துவிட்டு, "அதான்," என்றார்.

அப்படித்தான் தெரிந்தது. நிழல் அன்றன்றைக்கு, நான்கு வருஷத்துக்கு முந்தின அதே தேதியை வாழ்ந்துகொண்டிருந்தது. செடியைத் தொட்டுக்கொண்டிருப்பவற்றின் நிழல் மட்டும் தெரியும், தொட்ட கையை எடுத்துவிட்டால் அந்த நிழலும் போய்விடும். அதனால் பலருக்கு நிம்மதி போனது. நான்கு வருஷத்துக்கு முன் மருதாணி திருடியவர்கள் மாட்டினார்கள். ஒரு நாள் சாயங்காலம் ஓர் ஆண் நிழல் வந்து, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, ஒரு கையால் கிளையைப் பிடித்துக்கொண்டு செடிக்கு நீர் விட்டது. வேட்டியைத் தூக்கிய விதத்தில் அது அய்யாத்துரை என்று லைனே சொன்னது.

"எலைக்கு ஏன் ஒரு வாடைன்னு இப்பத்தான் தெரியுது," என்றாள் குருவம்மா. "இத அரைச்சா நம்ம மகளுக்குக் கல்யாணத்துக்கு வச்சேன்?"

"நல்லாத்தான செவந்துச்சு," என்றார் அவர்.

மாசி பதினெட்டாம் தேதி காலையில் பேச்சிமுத்து வந்தான்.

ஒற்றைக் காலில் நின்று, மற்றக் காலை முழங்காலில் ஊன்றி, கொக்கு மாதிரி பல் தேய்க்கிறவன் எங்கள் லைனில் அவன் ஒருத்தன்தான். தெருவில் அந்த நிழல் நீளமாக விழுந்ததும் கீரை ஆய்ந்துகொண்டிருந்த பெண்கள் எழுந்து சுவரோடு ஒட்டி நின்றார்கள். குருவம்மா போய் வேலுத்தாயைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். வேலுத்தாய் அழவில்லை. அவன் தலை நிழல் விழுந்த இடத்தில் தரையில் உட்கார்ந்து, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "முடி வெட்டணும் இவனுக்கு," என்றாள்.

அதற்கப்புறம் தினமும் காலையில் அவன் வந்தான். ஈரத்துண்டைச் செடியில் போட்டான், எடுத்தான். போனில் பேசிக்கொண்டே இலையைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டான். வேலுத்தாய் ஒரு தம்ளரில் காப்பி கொண்டுவந்து அந்த நிழலின் கையருகில் வைப்பாள், நிழல் போன பிறகு ஆறிப்போனதைத் தானே குடிப்பாள். வேலைக்கு லேட்டாகப் போனாள். ஆபீசில் எங்கள் பெண்கள் அவள் பங்குக்கும் சேர்த்துத் தீக்குச்சிக் கட்டை அடுக்கினார்கள். லைன் மொத்தமும் அவனுக்கு ஒதுங்கி நடக்கக் கற்றுக்கொண்டது. சைக்கிளில் வருகிறவர்கள் இறங்கி, நிழலைச் சுற்றிக்கொண்டு தள்ளிப் போனார்கள்.

அவனோடு அந்த வருஷத்து வேலுத்தாயும் வந்தாள், அதுதான் பொல்லாதது. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது அவள் ஒரு கையால் செடியை உலுக்கிக் காட்டித் திட்டுவது வழக்கம் என்பது எங்களுக்கு மறந்தேபோயிருந்தது. தெருவில் இரண்டு நிழல், குட்டையான நிழலின் கை நீண்டு, விரல் நீண்டு, நெட்டையான நிழலின் நெஞ்சில் போய்க் குத்தியது. சத்தம் கிடையாது. விரல் மட்டும்.

"நான் இப்படியா கைய நீட்டுவேன் மதினி?" என்று வேலுத்தாய் குருவம்மாவைக் கேட்டாள்.

"எல்லாரும் நீட்டுறதுதான்."

"இப்படியா?"

குருவம்மா கீரையை அள்ளிக்கொண்டு உள்ளே போனாள். மறுநாள் அந்த நேரத்துக்கு வேலுத்தாய் தன் முந்தானையை விரித்து அந்த விரல் மேல் போட்டுப் பார்த்தாள். விரல் முந்தானைக்கு மேலே ஏறி அதே இடத்தில் போய்க் குத்தியது.

பங்குனி பிறந்தது. வெட்டின செடியில் சிவப்பாகத் துளிர் விட்டது, அதை யாரும் கவனிக்கவில்லை. லைனில் எல்லோரும் மாதக் கடைசியைத்தான் எண்ணிக்கொண்டிருந்தோம். அன்றைக்குப் பன்னிரண்டுக்கும் ஒன்றுக்கும் நடுவில் செடியண்டை ஒரு நிழல் நின்றதா, இரண்டு நிழல் நின்றதா என்று தெரிந்துவிடும். நான்கு வருஷமாக ஒருத்தருக்கும் தெரியாதது, போலீசுக்கும் தெரியாதது, மண்ணில் எழுதின மாதிரி தெரிந்துவிடும். வேலுத்தாய் அந்த ஒரு மாதம் நன்றாகச் சாப்பிட்டாள் என்று குருவம்மா சொன்னாள்.

பங்குனி எட்டாம் தேதி அய்யாத்துரை அவள் வாசலில் வந்து நின்று, உள்ளே வரச் சொல்லியும் வராமல், தலையைச் சொறிந்தார்.

"தங்கச்சி, ஒண்ணு சொல்லணும். மத்தியான நிழல் நாளுக்கு நாள் குட்டையாயிட்டு வருது."

"வெயில் ஏறுதுல்லா அண்ணே."

"அதான். சூரியன் இப்ப தெக்க இருந்து நகந்து நகந்து நம்ம உச்சிக்கு வருது. நான் செவுரு எழுப்புறவன், வருசா வருசம் பாக்கேன். பங்குனி முடிஞ்சு சித்திரை பொறக்கிற அந்த ரெண்டு மூணு நாளு, உச்சி நேரத்துல நட்ட கம்புக்கு நிழலே இருக்காது. ஆளுக்குக் காலடியில ஒரு வட்டம் கிடக்கும், அம்புட்டுத்தான்."

வேலுத்தாய் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பொறுக்குகிற கை நின்றது. "பன்னெண்டுல இருந்து ஒண்ணுக்குள்ள."

"ஆமாத்தா. அந்த நேரந்தான்."

அதன் பிறகு இருபது நாளும் எங்கள் லைன் சூரியனோடு மல்லுக்கு நின்றது. சலூனிலிருந்து ஆளுயரக் கண்ணாடியை இரண்டு பேர் தூக்கிவந்து வெயிலைச் சாய்த்துப் பாய்ச்சிப் பார்த்தார்கள். இந்த வருஷத்து வெயிலுக்கு அந்த வருஷத்து நிழல் அசையவில்லை. நிழல் விழுகிற இடம் சரிவாக இருந்தால் நீளுமென்று அய்யாத்துரை மண்ணை வெட்டி ஒரு பக்கம் மேடேற்றினார். நிழல் பழைய தரையை நினைத்துக்கொண்டு மேட்டை மதிக்காமல் கிடந்தது. பெண்கள் செடியைச் சுற்றிச் சாணி மெழுகி அதன்மேல் சுண்ணாம்பு அடித்தார்கள், கறுப்பு துலக்கமாகத் தெரியுமென்று. துலக்கமாகத்தான் தெரிந்தது, நாளுக்கு நாள் அது குறுகுவது. பங்குனி இருபதில் மத்தியான நிழலுக்கு ஒரு முழம் இருந்தது. இருபத்தைந்தில் ஒரு சாண். தினமும் சங்கு ஊதினதும் அய்யாத்துரை ஒரு கரித்துண்டால் ஓரத்தில் கோடு போடுவார், வேலுத்தாய் அந்தக் கோட்டைப் பார்ப்பாள், இருவரும் அவரவர் வீட்டுக்குப் போவார்கள். சின்ன வயதில் அம்மையில் கிடந்த பிள்ளைக்குக்கூட வேப்பிலை வைக்க ஒரு இடம் இருந்தது, இதற்கு என்ன வைக்க என்று குருவம்மா கேட்டாள்.

ஒன்பதாம் நம்பர் வீட்டுச் சீனிப்பாண்டிக்கு அந்த மாதம் தூக்கம் கிடையாது. வடக்கே முறுக்குக் கம்பெனிகளுக்குப் பையன்களைச் சேர்த்துவிடுகிற ஆள் அவன். பேச்சிமுத்து காணாமல் போன அன்றிலிருந்து, இரண்டு பேர் என்றால் இரண்டாவது ஆள் சீனிப்பாண்டி என்று எல்லோரும் மனதுக்குள் எழுதிவைத்திருந்தோம். அவனாகவே ஒரு நாள் வேலுத்தாயிடம் போனான்.

"அக்கா, ரெண்டு நிழல் வந்தா எல்லாரும் என் காலை ஒடிப்பாக."

"ரெண்டு வந்தா நான் உம்ம கால்ல விழுவேன் தம்பி," என்றாள் வேலுத்தாய். "நீருதான் கூட்டிட்டுப் போனீரு, எங்கயோ முறுக்கு சுத்திக்கிட்டு இருக்கான்னா எனக்கு அது போதும். ஒரு வார்த்தை சொல்லிரும். நிழல் வரவேண்டாம், ஒண்ணும் வரவேண்டாம்."

"நான் கூட்டிட்டுப் போகலையேக்கா."

"போனதாச் சொல்லும்."

சீனிப்பாண்டி வேட்டியை மடித்துக் கட்டினான். "பிள்ள குட்டிக்காரன் நான்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

பங்குனி கடைசித் தேதி. ஆபீசில் அன்றைக்கு எங்கள் லைன் ஆள் ஒருத்தர்கூட இல்லை. விடிந்ததும் எல்லோரும் குளித்துவிட்டு வந்து, சுண்ணாம்புத் தரையைச் சுற்றி, ஒருத்தர் நிழலும் உள்ளே விழாத தூரத்தில் நின்றோம். குடை பிடித்திருந்தவர்களை மடக்கச் சொன்னார்கள். காலை வெயிலில் எல்லாம் தெளிவாகத்தான் நடந்தது. கொக்கு மாதிரி அவன் வந்து நின்றான். குட்டை நிழல் வந்தது, செடியைப் பிடித்து உலுக்கியது, விரல் நீண்டது. இதுதான் அந்த வார்த்தை என்று எல்லோருக்கும் தெரியும். வேலுத்தாயின் உதடு அந்த வார்த்தையைச் சத்தமில்லாமல் கூடவே சொன்னது. நெட்டை நிழல் விரலுக்குப் பதில் ஒன்றும் செய்யவில்லை. தலையைக் குனிந்து, ஒரு இலையைக் கிள்ளியது. குட்டை நிழல் போய்விட்டது.

பத்து மணி ஆனது, பதினொன்று ஆனது. செடியின் நிழல் தன் காலைத் தானே இழுத்துக்கொள்கிற மாதிரி சுருண்டு சுருண்டு உள்ளே போனது. அவன் போனான், வந்தான், போனான். வருகிற ஒவ்வொரு தடவையும் அவன் நிழல் குட்டையாக இருந்தது. முதலில் கழுத்து அடையாளம் போனது, பிறகு கை எது கால் எது என்பது போனது. அய்யாத்துரை சட்டையைக் கழற்றிவிட்டு, சுண்ணாம்பில் குப்புறப் படுத்து, கன்னத்தைத் தரையில் வைத்து, ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டு மணிச் சங்கு ஊதியது.

செடியின் நிழல் அடிமரத்தைச் சுற்றிச் சுளகு அளவில் கிடந்தது. அதன் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு ஒரு தோசைக்கல் அளவுக்கு இன்னொரு கறுப்பு. "அவன்தான்," என்றாள் வேலுத்தாய். அது அவன்தான் என்பது எங்களுக்கும் தெரியும், ஆனால் தோசைக்கல்லுக்குத் தலையும் கிடையாது, முகம் பார்க்கிற திசையும் கிடையாது. அது கொஞ்சம் அசைந்தது. வெட்டுகிறான் போல. சுளகின் ஒரு பக்கம் சின்னதாகப் பொக்கை விழுந்தது. ஒரு கிளை போனது. பிறகு தோசைக்கல் அசையாமல் நின்றது, ரொம்ப நேரம், நாங்கள் மூச்சு விடுவது எங்களுக்கே கேட்டது. பிறகு அது பெருத்தது.

"ரெண்டு," என்றது ஒரு குரல்.

"குனியுதான்," என்றது இன்னொன்று. "குனிஞ்சாலும் அப்படித்தான் அகலும்."

"ஆள் வந்து ஒட்டி நிக்கான். ரெண்டுதான்."

"குந்த வச்சு உக்காந்திருக்கான்."

"அண்ணே," என்றாள் வேலுத்தாய், "நீங்க சொல்லுங்க."

அய்யாத்துரை கன்னத்தை எடுக்கவில்லை. அவர் முதுகில் வெயில் கொப்பளித்துக்கொண்டிருந்தது. "தெரியலத்தா," என்றார். கொஞ்சம் பொறுத்து மறுபடியும், "தெரியலத்தா," என்றார்.

வேலுத்தாய் முட்டி போட்டுப் போய் அந்தக் கறுப்பின்மேல் உள்ளங்கையை வைத்தாள். அது அவள் கைக்கு மேலேயும் ஏறிக் கிடந்தது. அவள் கையை எடுக்காமல் வைத்திருக்கும்போதே அது சின்னதானது, பழைய அளவுக்கு வந்தது, செடியைவிட்டு நழுவியது, சுண்ணாம்பு வெள்ளையில் ஒன்றுமில்லாமல் போனது. அவன் அரிவாளைக் கவட்டையில் மாட்டிவிட்டுக் கையை எடுத்தான். அவ்வளவுதான் பேச்சிமுத்து போனது. ஒரு ஆளாகத்தான் போனான் என்று எங்களில் பாதிப் பேர் இன்றைக்கும் சத்தியம் பண்ணுவோம், இரண்டு ஆளில் ஒருத்தனாகப் போனான் என்று மற்றப் பாதிப் பேர் பண்ணுவோம்.

யாரும் கலையவில்லை. வெயில் எங்கள் மண்டைக்கு நேரே நின்றது. வேலுத்தாய் முட்டி போட்ட இடத்திலேயே இருந்தாள். அப்போது கூட்டத்துக்குள்ளிருந்து சீனிப்பாண்டி வெளியே வந்தான். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தவன் அதை அவிழ்த்துவிட்டான்.

"நாந்தாங்க்கா," என்றான். "நாந்தான் வந்தேன். பம்பாய்க்குக் கூட்டிட்டுப் போனேன். நல்லாத்தான் இருக்கான்."

ஒருத்தர்கூட அவன் காலை ஒடிக்கப் போகவில்லை. வேலுத்தாய் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். பிள்ளைக்குச் சோறு ஊட்டும்போது அது வாயைத் திறக்குமா என்று பார்க்கிற மாதிரி ரொம்பக் கவனமாகப் பார்த்தாள்.

"தம்பி," என்றாள், "அன்னைக்கு உம்ம மகளுக்கு மொட்டை போட நீங்க குடும்பத்தோட திருச்செந்தூர் போயிருந்தீக. ராத்திரி வந்து, பிள்ளையக் காணோம்னு நான் கத்திக்கிட்டு நிக்கையில, எலையில மடிச்சிருந்த துன்னூறை எடுத்து என் நெத்தியில பூசினதே நீருதான்."

சீனிப்பாண்டி துண்டால் முகத்தைத் துடைத்தான்.

"இருந்தாலும் சொன்னீரே," என்றாள் அவள். "போய் நிழல்ல நில்லும். வேர்த்துக் கொட்டுது."

நிற்க நிழல் எங்கேயும் இல்லை. அவன் போய்க் குருவம்மாவுக்குப் பக்கத்தில் நின்றான். குருவம்மா தன் முந்தானையின் ஒரு நுனியை அவன் தலைக்கும் சேர்த்துப் பிடித்தாள்.

அப்படியே நின்றோம். வீட்டுக்குப் போகலாம் என்று யாராவது சொல்வார்கள் என்று ஒவ்வொருத்தரும் காத்திருந்தோம். சூரியன் உச்சியைவிட்டு மேற்கே ஒரு விரல் நகர்ந்தது, சுளகு கிழக்கே ஒரு விரல் நீண்டது. ஆபீசில் ஒரு மணிச் சங்கு ஊதி ஓய்ந்த கொஞ்ச நேரத்தில் செடியின் ஓரத்தில் இன்னொரு நிழல் வந்து ஒட்டியது. காலையில் விரல் நீட்டின அதே குட்டை நிழல். ஒரு சாண் நீளம் இருந்ததால் தோள் எது, கை எது என்று தெரிந்தது. ஒரு கையில் தூக்குவாளி. மற்றக் கை மேலே நீண்டு கவட்டையிலிருந்து அரிவாளை எடுத்தது, பார்த்தது, எதற்கு மகன் இதை இங்கே மாட்டிவிட்டு உள்ளே போனான் என்று யோசிக்கிற மாதிரி அப்படியே பிடித்திருந்தது.

வேலுத்தாய் முட்டியால் பின்னுக்கு நகர்ந்தாள். சுண்ணாம்பு ஒட்டின கையை எங்களைப் பார்த்து மெதுவாக ஆட்டினாள்.

"தள்ளி நில்லுங்க," என்றாள். "சத்தம் போடாதீக. அவளுக்கு இன்னும் தெரியாது."